'செவன் பவுண்ட்ஸ்' (2008): ஏழு பேருக்குக் கொடுத்தவன் யாருக்குக் கடன்பட்டிருந்தான்?

நடுநிசிக்காட்சி:
முழுக்கதையும் அவிழ்த்துப் பேசும் இழை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேப்ரியேலே முச்சீனோவும் வில் ஸ்மித்தும் சேர்ந்த இரண்டாவது படம். திரைக்கதை கிராண்ட் நியபோர்ட். 5.5 கோடி டாலர் செலவில் எடுத்து உலகம் முழுக்க 16 கோடிக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அரங்கில் இருந்தவர்கள் அழுதுவிட்டு எழுந்தார்கள். இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இந்த இழை.

கதைச் சுருக்கம், நினைவூட்டலுக்காக. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பார்த்த டிம் தாமஸால் ஏழு பேர் சாகிறார்கள். ஆறு பேர் முன்பின் தெரியாதவர்கள், ஏழாவது அவன் மணக்க இருந்த சாரா. அதன்பின் அவன் போடும் கணக்கு இது: வருமான வரித்துறையில் வேலை செய்யும் தம்பி பென்னுக்கு நுரையீரல் மடல், குழந்தைகள் நலத்துறை ஊழியர் ஹாலிக்குக் கல்லீரலில் ஒரு பங்கு, ஹாக்கி பயிற்சியாளர் ஜார்ஜுக்குச் சிறுநீரகம், சிறுவன் நிக்கலஸுக்கு எலும்பு மஜ்ஜை, காதலனிடம் அடிபட்டு வாழும் கானிக்குக் கடற்கரை வீடு. கடைசியாகத் தன் உயிரை முடித்துக்கொண்டு, அவன் காதலிக்கும் இதய நோயாளி எமிலிக்கு இதயம், பார்வையற்ற எஸ்ராவுக்குக் கருவிழிகள்.

கேள்வி ஒன்றுதான். படம் இந்தக் கணக்கை ஆராய்கிறதா, கைதட்டுகிறதா?

கத்தரிக்கோல்:
படத்தொகுப்பிலேயே பதில் இருக்கிறது. அவசர உதவி எண்ணுக்கு அழைப்பதில் படம் தொடங்குகிறது. அதாவது முடிவு தெரியும், காரணம் தெரியாது. உடனே எஸ்ராவைத் தொலைபேசியில் கேவலமாகத் திட்டும் காட்சி. நாயகன் மேல் நமக்கு வெறுப்பு வரவேண்டும், பிறகு அது சோதனை என்று தெரிந்து வெட்கப்படவேண்டும். தம்பியின் பெயரில் திரிகிறான் என்பதையும், வீட்டை விட்டு விடுதிக்குப் போனதன் காரணத்தையும், விபத்தையும் தவணை முறையில் அவிழ்க்கிறார்கள்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. முதல் முக்கால் பங்குப் படத்தில் நாம் கேட்டுக்கொண்டிருப்பது "இவன் என்ன செய்கிறான்?" என்பதை மட்டும். புதிர் அவிழ்ந்ததும் வரும் நிறைவு, "இதைச் செய்யலாமா?" என்ற கேள்விக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விபத்தை நேர்வரிசையில் முதல் பத்து நிமிடத்தில் காட்டியிருந்தால், அடுத்த ஒன்றரை மணிநேரமும் அவனோடு வாதாடிக்கொண்டே பார்த்திருப்போம். ஆராயும் படம் அப்படித்தான் அடுக்கியிருக்கும். என் கணிப்பு: கைதட்டுகிறது, ஆனால் கையை மறைத்துக்கொண்டு தட்டுகிறது.

அறுவைஅரங்கம்:
உறுப்பு மாற்றுப் பக்கத்திலிருந்து பார்ப்போம். தனித்தனியாக எடுத்தால் பாதி சாத்தியம், வரிசையாக எடுத்தால் முழுவதும் அசாத்தியம்.

நுரையீரல்: உயிரோடிருப்பவர் மடல் தரும் முறை நிஜம்தான், 1990-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. ஆனால் வளர்ந்த ஒருவருக்கு வழக்கமாக இரண்டு கொடையாளர் வேண்டும், ஆளுக்கு ஒரு கீழ்மடல். ஒரே ஆளின் ஒரு மடலை வைத்து வளர்ந்த ஆணைக் காப்பாற்றுவது வழக்கத்தில் இல்லை. 2005-இல் நுரையீரல் ஒதுக்கீட்டுப் புள்ளி முறை வந்தபின், அவசரத் தேவை உள்ளவர்களுக்கு இறந்தவரின் நுரையீரல் சீக்கிரம் கிடைக்கத் தொடங்கியது. உயிரோடிருப்பவர் கொடை அருகிப் போனது.

கல்லீரல்: வளர்ந்தவருக்கு என்றால் வலது மடல், மொத்தத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு. மீதி வளர்ந்து பழைய அளவை நெருங்க சில மாதங்கள் ஆகும். நுரையீரல் மடல் கொடுத்த ஒருவர் ஆறு மாதத்தில் இதற்கு வந்து நின்றால், மயக்க மருத்துவரே முதலில் கையை விரிப்பார்.

மஜ்ஜை: இங்கேதான் படத்தின் அடிப்படை எண்ணமே உடைகிறது. நல்லவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க மஜ்ஜை இடம் தராது. எச்.எல்.ஏ. எனும் திசுக்குறிகளின் பொருத்தம்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். கூடப்பிறந்தவரிடம் முழுப் பொருத்தம் கிடைக்கவே நாலில் ஒரு வாய்ப்பு, அந்நியரிடம் என்றால் பெரிய பதிவேட்டைச் சலிக்கவேண்டும். படத்தில் முதியோர் இல்ல நிர்வாகி ஒருவரும் மஜ்ஜைக்குக் காத்திருக்கிறார், அவரைக் கெட்டவர் என்று டிம் தள்ளிவிடுகிறான். ஒரே மனிதனின் மஜ்ஜை அந்த நிர்வாகிக்கும் நிக்கலஸுக்கும் பொருந்துமாம்!

இன்னொன்று, மயக்க மருந்து வேண்டாம் என்று மறுக்கும் காட்சி. இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியை ஒருமுறை இறக்கி எடுத்துவிடும் வேலை இல்லை அது. தோலில் சில துளைகள்தான், உள்ளே எலும்பில் பல பத்துத் தடவை குத்தி, சிறுகச் சிறுக உறிஞ்சவேண்டும். ஒன்று முதல் இரண்டு மணிநேரம் ஆகும். வலியில் உடல் அசைந்தால் ஊசி வழுக்கும். எந்த மருத்துவமனையும் ஒத்துக்கொள்ளாது. வலியை விரும்பிக் கேட்கும் கொடையாளரை மேசையில் ஏற்றாமல், மனநல மருத்துவரிடம்தான் அனுப்புவார்கள்.

கருவிழி (கண்ணின் முன்பக்கம் இருக்கும் ஒளிபுகும் படலம், கார்னியா): இறந்தபின் எடுத்துச் சேமிப்புத் திரவத்தில் 14 நாள் வரை வைக்கலாம், அதனால் இதில் அவசரமே இல்லை. பொதுவாக ஒருவருடைய இரண்டு கருவிழிகளும் இரண்டு பேருக்குப் போகும். ஒரே ஆளுக்கு இரண்டு கண்ணிலும் ஒன்றாக வைப்பதில்லை. ஒரு கண்ணைத் தேற்றிவிட்டுத்தான் அடுத்தது. கருவிழி கண்ணாடி போல, அதில் நிறம் கிடையாது. கடைசிக் காட்சியில் எஸ்ராவின் கண்ணில் எமிலி எதைக் கண்டாள் என்பது இயக்குநரின் கற்பனை. எஸ்ரா பிறவியிலேயே பார்வையற்றவர் என்றால் இன்னும் சிக்கல், பார்க்கக் கற்காத மூளைக்குக் கருவிழி மட்டும் போதாது.

இதயத்துக்குத் தனிப் பதிவு.

மழைக்காலம்:
அண்ணே, இது மருத்துவப் பாடம் இல்லை. துயரத்தைப் பற்றிய உருவகக் கதை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபியிடம் போய் "ரத்தப்போக்கை எப்படி நிறுத்தினீர்கள்?" என்றா கேட்போம்? தலைப்பே தராசுதானே. ஷேக்ஸ்பியரின் ஷைலாக் கேட்ட ஒரு பவுண்டு சதை, இங்கே ஏழாகிறது. அது கடன், இதுவும் கடன். அந்த அளவில் பார்த்தால் படம் நேர்மையானது. வில் ஸ்மித் முகத்தை இறுக்கி வைத்து நடித்திருப்பதை மட்டும் ஒருமுறை கவனியுங்கள். சிரிப்பு அரும்பும் இடத்தில் எல்லாம் அதைத் திருப்பி விழுங்குகிறார்.

அறுவைஅரங்கம்:
நடிப்பில் சண்டை இல்லை. சிபி கதையிலும் இல்லை, ஆனால் அங்கே தராசின் மறுதட்டில் புறா இருக்கிறது, எதிரே பருந்து நின்று கேட்கிறது. இங்கே கேட்பவர் யாரும் இல்லை.

இதயத்துக்கு வருகிறேன். வளர்ந்தவர்களுக்கான இதயம், படம் வந்த காலத்தில், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் வந்தது. சுவாசக் கருவியில், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கவேண்டும். எடுத்தபின் பனிப்பெட்டியில் ஏறக்குறைய 4 மணிநேரம். நின்றுபோன இதயத்தை இயந்திரத்தில் மீட்டு வளர்ந்தவருக்குப் பொருத்தியது அமெரிக்காவில் 2019 டிசம்பரில்தான் முதன்முறை, அதுவும் மருத்துவமனைக்குள் நிமிடக்கணக்கு பார்த்து நடந்தது. மூளைச்சாவை உறுதிசெய்வதற்கும் நிபந்தனைகள் உண்டு. உடலில் விஷமோ மருந்தோ இருக்கக்கூடாது, உடல் வெப்பம் குறைந்திருக்கக்கூடாது, பாதிப்பின் காரணம் தெளிவாகத் தெரியவேண்டும். படத்தின் முடிவில் இவை எல்லாமே மீறப்படுகின்றன. தவிர, இயற்கையல்லாத மரணம் எதுவானாலும் மரண விசாரணை அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓர் உறுப்பும் நகராது. சுருக்கமாக, அவன் நினைத்த ஆளுக்கு அவன் நினைத்தது போய்ச் சேராது. வீணான உயிர் ஒன்றுதான் மிச்சம்.

எமிலிக்கு "அரிய ரத்த வகை" என்பதும் வசதிக்காகச் சேர்த்தது. இதயப் பொருத்தத்தில் ஆர்.எச். காரணி (பாசிட்டிவ், நெகட்டிவ்) கணக்கில் வராது. அரிய வகை என்று சொல்லப்படும் ஏ.பி. பிரிவினர் எல்லாப் பிரிவினரிடமிருந்தும் பெறலாம். நிஜத்தில் ஆண்டுக்கணக்கில் காக்கவைப்பவை வேறு: கர்ப்பத்தாலும் ரத்தம் ஏற்றியதாலும் முன்பே உருவான எதிர்ப்பொருள்கள், பிறகு உடல் அளவு.

குறிப்பிட்ட ஒருவருக்கு என்று பெயர்சொல்லிக் கொடுக்கும் வழி அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது, அதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. விடுபட்டது வேறு. 2007 முதல் அங்கே உயிரோடிருக்கும் உறுப்புக் கொடையாளர் ஒவ்வொருவருக்கும் தனி ஆலோசகர் கட்டாயம். அவர் பெறுபவரின் மருத்துவக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. மனநல, சமூக மதிப்பீடு தனியாக நடக்கும். ஏன் கொடுக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா, சமீபத்தில் இழப்பு ஏதும் உண்டா, கொடுத்தபின் வாழ்க்கையில் என்ன திட்டம் என்று கேட்பார்கள். தற்கொலை எண்ணத்தின் சாயல் தெரிந்தாலே கொடை நிறுத்தப்படும், சிகிச்சை தொடங்கும். டிம் மூன்று தடவையாவது அந்த அறைக்குள் போய்வந்திருக்கவேண்டும். விபத்தில் துணையை இழந்தவன், குறுகிய காலத்தில் மூன்று உறுப்பு, "எதிர்காலத் திட்டம் இல்லை" என்ற பதில். முதல் அறையிலேயே பிடிபட்டிருப்பான், பிழைத்தும் இருப்பான். அந்த அறைகளையும் எடுத்துவிட்டுத்தான் கதை நகரவே முடிகிறது. என் புகார் மருத்துவப் பிழை பற்றியது இல்லை, இதைப் பற்றியது.

மட்டுறுத்துநர்:
முடிவுக்காட்சியின் வழிமுறை பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். படத்தைப் பேசுங்கள், வழிமுறையை வேண்டாம். டிம்மின் நிலையில் தங்களை வைத்துப் பார்த்துக் கனம் கூடுகிறவர்கள் இந்த இழையை மூடிவிட்டு நெருங்கிய ஒருவரையோ, இருக்கும் நாட்டின் உதவி எண்ணையோ இப்போதே அழையுங்கள்.

சட்டப்பிரிவு:
இன்னொரு அறையும் காணோம். நீதிமன்றம்.

கலிஃபோர்னியாவில் ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்பத் தடை வந்தது 2009 ஜனவரி 1-இல், படம் வெளியாகி இரண்டு வாரத்துக்குள். முதல்முறைக்கு அடிப்படை அபராதம் 20 டாலர். ஆனால் அந்தத் தடை இல்லாமலே, கவனக்குறைவால் உயிர் போனால் வாகனத்தால் மரணம் விளைவித்த குற்றம் பதிவாகும், திட்டமிட்ட கொலை இல்லை. பெருங்கவனக்குறைவு என்று நிரூபணமானால் ஒரு உயிருக்கு ஆறாண்டு வரை சிறை, இல்லையென்றால் ஓராண்டுக்குள். ஏழு உயிர். டிம் மேல் வழக்கு நடந்ததா, விடுதலையானானா, சமரசமா? ஒரு வரி கிடையாது.

அதோடு, வருமான வரி அதிகாரியாக ஆள்மாறாட்டம் செய்வது கூட்டாட்சிக் குற்றம், மூன்றாண்டு வரை. வரிதாரரின் விவரத்தை வேலைக்குத் தேவையில்லாமல் திறந்து பார்த்தால் தம்பிக்கே வேலையும் போகும், சிறையும் உண்டு. வரித்துறை அடையாள அட்டையைக் காட்டினால் மருத்துவக் கோப்பு கிடைத்துவிடாது. அதற்குத் தனியுரிமைச் சட்டம் 1996 முதல் இருக்கிறது. ஒரு சின்ன நக்கல்: வரி அதிகாரி வேடம் போட்டவன், கடற்கரை வீட்டைத் தானம் கொடுக்கும்போது அன்பளிப்பு வரிப் படிவத்தை மறந்துவிட்டான். 2008-இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் கொடுத்தால் அதைத் தாக்கல் செய்யவேண்டும்.

 

மழைக்காலம்:
வழக்கைக் காட்டாததே நல்ல முடிவு என்பேன். தண்டனை கிடைத்திருந்தால் "கடன் தீர்ந்தது" என்று பார்வையாளர் கணக்கை மூடிவிடுவார். எந்தத் தண்டனையும் போதாது என்று நினைக்கும் மனதைத்தான் படம் எடுத்துக்கொள்கிறது.

சட்டப்பிரிவு:
அப்படியானால் இன்னும் பெரிய ஓட்டை. சிபியைச் சொன்னீர்கள், நான் மனுநீதிச் சோழனைச் சொல்கிறேன். அதுவும் வண்டியில் அடித்துக் கொன்ற கதைதான், தேர்க்காலில் கன்று. ஆனால் அங்கே பசு வந்து மணியை இழுக்கிறது. பறிகொடுத்த உயிர் வாசலுக்கு வருகிறது, அரசன் அதன் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறான். தீர்ப்பு சரியா என்பது வேறு விவாதம். இந்தப் படத்தில் மணி இழுக்க யாரும் இல்லை. இறந்த ஆறு பேருக்கும் அம்மா அப்பா, பிள்ளைகள் இருந்திருப்பார்கள். 123 நிமிடத்தில் ஒருவர் கூட டிம்மோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தேடிப் போகவும் இல்லை. பெயர்களை முணுமுணுக்கிறான், அவ்வளவுதான். கொடுத்த ஏழு பேரில் ஒருவருக்கும் அவன் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

நடுநிசிக்காட்சி:
இது என் கேள்வியை விடக் கூர்மை. தலைப்பை மாற்றிவிட்டேன், மேலே பாருங்கள்.

உளவழி:
குற்றவுணர்வு வேறு, அவமானவுணர்வு வேறு என்று துயர ஆய்வில் பிரிப்பார்கள். "தப்பு செய்துவிட்டேன்" என்பது முதலாவது, அது பாதிக்கப்பட்டவரை நோக்கி நடக்கவைக்கும்: மன்னிப்பு, ஈடு, சாட்சி சொல்லுதல். "நானே தப்பு" என்பது இரண்டாவது, அது ஒளியவைக்கும், பெயரை மாற்றவைக்கும், தன்னை அழிக்கத் தூண்டும். டிம் முழுக்க இரண்டாவதில் இருக்கிறான். தம்பியின் பெயரில் வாழ்வது வெறும் கதைத் திருப்பம் இல்லை, நோய்க்குறி. நியபோர்ட் இதைத் தெரிந்து எழுதினாரா, தற்செயலா சொல்லமுடியாது, ஆனால் பாத்திரத்துக்குள் சரியாகப் பொருந்துகிறது.

துயரம் ஓராண்டு தாண்டியும் அன்றாடத்தை முடக்கினால் அதை நீடித்த துயரக் கோளாறு என்று 2022-இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டுக் கையேட்டில் சேர்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் வரம்பு ஆறு மாதம். இதற்கென்றே 16 அமர்வுகள் கொண்ட சிகிச்சை இருக்கிறது. இழப்பு நடந்த கதையைக் கண்ணை மூடித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பதிவுசெய்து, வீட்டில் கேட்கச் சொல்வார்கள். தவிர்த்து வந்த இடங்களுக்குச் சிறிது சிறிதாகப் போகச் சொல்வார்கள். இன்னொரு பக்கம், எதிர்காலத்துக்கு ஒரு சின்ன ஆசையை உருவாக்கி அதை வாராவாரம் நகர்த்துவார்கள். இரண்டு தடமும் சேர்ந்து ஓடவேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் நிற்காது.

கவனித்தால், எமிலி வீட்டில் களை பிடுங்குவதும் அச்சு இயந்திரத்தைச் சரிசெய்வதும் அந்த இரண்டாவது தடம்தான். படத்தின் நடுவில் அரைமணிநேரம் அவன் குணமாகிக்கொண்டிருக்கிறான்! திரைக்கதைக்கு அது தெரிந்திருந்தும், முன்பே போட்டுவைத்த முடிவுக்காக அவனை இழுத்துக்கொண்டு போகிறது. எனக்குப் படத்தின் மேல் உள்ள கோபம் அங்கேதான்.

கத்தரிக்கோல்:
ஆமாம். மருத்துவரிடம் எமிலியின் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஓடும் இடத்தில் இசையும் வெட்டும் வேகமெடுப்பதைக் கவனியுங்கள். யோசிக்க நமக்கு நேரம் தராமல் இருப்பதற்கான வேகம் அது. ஏஞ்சலோ மில்லியின் இசை அதுவரை அடக்கமாகத்தான் இருந்தது.

அச்சு இயந்திரம் என்றதும் ஒரு பொடிச் செய்தி. அபூர்வமானது என்று படம் சொல்லும் ஹைடல்பர்க் வகையில், காற்றாலை போலக் கைகள் சுழலும் மாதிரி லட்சத்துக்கு மேல் தயாரானது. இன்றும் வாழ்த்து அட்டை அடிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அபூர்வம் என்பது உதிரிபாகம் தெரிந்த மெக்கானிக்தான்.

மழைக்காலம்:
சரி, ஒரு அடி பின்வாங்குகிறேன். ஆனால் எமிலி? அவள் வாழ்கிறாளே. அது கணக்கில் வராதா?

அறுவைஅரங்கம்:
வரும், ஆனால் படம் காட்டும் விதத்தில் இல்லை. இதயம் பெற்றவருக்கு வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மாத்திரைகள். முதல் ஆண்டில் அடிக்கடி கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத் தசையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பார்கள். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, பின்னாளில் மாற்று இதயத்தின் ரத்தக்குழாய்களே சுருங்குவது என்று வரிசை இருக்கிறது. இதையெல்லாம் தாண்டப் பெறுபவருக்கு வாழும் விருப்பம் வேண்டும். இறந்த கொடையாளரைப் பற்றி "என்னால்தானோ" என்று நினைப்பது, யார் என்றே தெரியாதபோது கூட, பெறுபவர்களிடம் அடிக்கடி வருகிறது. அதனால்தான் வழக்கமாகக் கொடையாளர் குடும்பத்துக்கும் பெறுபவருக்கும் இடையே கடிதங்கள் பெயரில்லாமல், அமைப்பு வழியாகப் போகின்றன. இருதரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான் சந்திப்பு. எமிலிக்கு இந்த இடைவெளியே கிடையாது. காதலித்தவன் தனக்காகச் செத்தான் என்ற செய்தி, அவன் இதயத்தோடு சேர்ந்து வருகிறது. அவன் குற்றவுணர்வு தீரவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

உளவழி:
தம்பி பென்னையும் நண்பன் டானையும் விட்டுவிடாதீர்கள். டான் எல்லாம் தெரிந்து உடன்பட்டவன். டானாக நடித்த பேரி பெப்பருக்கு நாலைந்து காட்சிகள்தான், ஆனாலும் அந்தப் பாத்திரத்தை நாயகனாக்கிப் படம் எடுத்திருந்தால் இந்த இழையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

புதுவரவு:
கேள்வி கொஞ்சம் விலகியது. முன்பின் தெரியாதவருக்கு, செத்துப்போகாமல், சிறுநீரகம் கொடுக்க அங்கே நிஜமாகவே வழி உண்டா?

அறுவைஅரங்கம்:
உண்டு, நண்பரே. பெறுபவர் யாரென்று சொல்லாமல் கொடுக்கலாம். முதலில் கேள்விப்படிவம், பிறகு ரத்தவகை, திசுப்பொருத்தம், சிறுநீரகத் திறன் அளவீடு, ரத்தக்குழாய்களைப் பார்க்க சி.டி., மேலே சொன்ன மனநல மதிப்பீடு, தனி ஆலோசகர். மாதக்கணக்கில் இழுக்கும், இழுக்கவேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கத்தி வைக்கும் நிமிடம் வரை விலகலாம். விலகினால் மற்றவர்களுக்குக் காரணத்தைச் சொல்லாமல் "தகுதியில்லை" என்று மட்டும் சொல்லிவிடுவார்கள், முகம் வாடவேண்டியதில்லை.

அறுவை இரண்டு மூன்று மணிநேரம், சிறு துளைகள் வழியாக. ஓரிரு நாளில் வீடு, நாலு முதல் ஆறு வாரத்தில் வேலை. உயிராபத்து 10,000-இல் ஏறக்குறைய ஒருவருக்கு. ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு என்று கொடையாளரைத் திரும்ப அழைத்துப் பார்ப்பார்கள். பின்னாளில் அவருக்கே சிறுநீரகம் பழுதானால் காத்திருப்போர் வரிசையில் முன்னுரிமை உண்டு.

அப்படி ஒருவர் முன்வந்தால் சங்கிலி தொடங்கும். அவர் சிறுநீரகம் ஒரு நோயாளிக்குப் போக, அந்த நோயாளிக்குத் தர நினைத்தும் பொருந்தாமல் போன உறவினர் அடுத்த குடும்பத்து நோயாளிக்குத் தருவார், அவர் வீட்டிலிருந்து ஒருவர் அதற்கடுத்தவருக்கு. முப்பது மாற்று அறுவைகளைத் தாண்டி நீண்ட சங்கிலிகளும் உண்டு. தொடங்கியவர் அடுத்த மாதம் வேலைக்குப் போயிருப்பார்.